பழுதில்லாத மூளை

ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் மூளை சரியாக இருக்கிறது என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி உள்ள ஒரே ஆள் கந்தப்பன்தான். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்குக்கூட அப்படி ஒன்று கிடையாது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கு இல்லை, ஆபீஸ் கிளாக்கர்மாருக்கு இல்லை, தேர்தலுக்குத் தேர்தல் வந்து மாலை வாங்கிக்கொண்டு போகும் தலைவர்மாருக்கும் இல்லை. அவர்களுடைய மூளையெல்லாம் வெறும் நம்பிக்கையின் பேரில் ஓடிக்கொண்டிருக்கிறது. கந்தப்பனுடையது மட்டும் கண்டியில் படம் பிடித்து, பெரிய டொக்டர் கையெழுத்து வைத்து, கம்பனி உறையில் வந்தது. அந்த மூளையை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. கம்பளையில் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு வந்த கந்தப்பன் அந்த வாரத்திலேயே படுத்துவிட்டான். சாதாரணக் காய்ச்சல் இல்லை. மூட்டுக்கு மூட்டு வலி, கண்ணைத் திறக்க விடாத தலையிடி, கடைசியில் நினைவும் தப்பிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு போய், ரோட்டில் வேன் பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே வைரஸ் என்றார்கள். என்ன வைரஸ் என்று அவன் மனைவி மீனம்மா கேட்டாள். "வைரஸ்தான் அம்மா" என்று சொல்லிவிட்டு, கேள்வி கேட்டதற்காக அவளை வார்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள்.

காய்ச்சல் போய்விட்டது. போகும்போது தலைக்குள் எதையோ கலைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. நடந்தால் நிலம் ஒரு பக்கம் சரிந்தது. வலது கையில் பெருவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போய், பிடித்த பொருள் கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட மோசம், சொல் வராதது. தண்ணீர் கேட்க வாயைத் திறப்பான், சொல் வராது. மீனம்மாவே புரிந்துகொண்டு செம்பை நீட்டி, அவன் குடித்து முடித்து, செம்பைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, "தண்ணி" என்பான்.

இப்படிப்பட்ட ஆள் செய்துகொண்டிருந்த வேலை கவ்வாத்து. தேயிலைச் செடியை முழங்காலுக்குக் கீழே வைத்து வெட்டுவது. செங்குத்துச் சரிவில் நின்று, குனிந்து, இடது கையால் கிளையைப் பிடித்து, வலது கையால் ஒரே வீச்சு. கத்தி கிளையைத் தவறவிட்டால் அதற்கு அடுத்து இருப்பது வெட்டுகிறவனுடைய கால்தான். காய்ச்சலுக்குப் பிறகு முதல் நாள் மலைக்குப் போன கந்தப்பன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இரண்டாகக் கிழித்துக்கொண்டு வந்தான். கிழிந்த இடம் தொடைக்கு நேரே இருந்தது. மீனம்மா அதைத் தைக்க எடுத்தவள், தைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அவன் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தலை நிற்கும்வரை கத்தியும் சரிவும் வேண்டாம். தவரணையில் தேயிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, தொழிற்சாலை முற்றம் கூட்டுவது போல ஏதாவது சில்லறை வேலை கொடுத்தால் போதும். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிக்கிற நேரத்தில், சோலைமலைக் கங்காணியிடம் போய் நின்றான்.

"என்னடா நோவு?" என்றார் கங்காணி.

"தலைங்க."

"காட்டு."

"எதங்க?"

"நோவத்தான்டா. எங்க இருக்கு, காட்டு."

"உள்ளுக்குள்ளங்க."

கங்காணி அவனை முன்னால் நின்று பார்த்தார். சுற்றிப் போய்ப் பின்னால் நின்று பார்த்தார். தலையைக் குனியச் சொல்லி உச்சியையும் பார்த்தார். "ஒண்ணையும் காணமே. வெட்டுக்காயம்னா ரத்தம் இருக்கும், வீக்கம்னா பொடச்சிருக்கும், புள்ளத்தாச்சின்னா வகுறு இருக்கும். உள்ளுக்குள்ள இருக்கறத நா எப்படிப் பெரட்டுல நிப்பாட்டுறது? டிஸ்பென்சரிக்குப் போ."

கங்காணியைக் குறை சொல்லிப் பயனில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக எங்கள் தோட்டம் கண்ணுக்குத் தெரிகிற நோவை மட்டும்தான் நோவு என்று எடுத்துக்கொள்கிறது. வலிக்கிறது என்று சொன்னவனைவிட நொண்டி நொண்டி வந்தவனுக்குத்தான் இங்கே மரியாதை அதிகம்.

டிஸ்பென்சரியில் இருப்பவர் கனகலிங்கம். யாழ்ப்பாணத்து ஆள். டொக்டர் இல்லை, ஆனால் டொக்டர் ஐயா என்று கூப்பிடாவிட்டால் மருந்து தரமாட்டார். அவரிடம் இரண்டு மருந்துகள் இருந்தன, ஒரு வெள்ளைக் குளிசையும் ஒரு சிவப்புத் தண்ணியும். கழுத்துக்கு மேலே என்றால் குளிசை, கீழே என்றால் தண்ணி. கந்தப்பனுக்கு மேலே கீழே இரண்டிலும் முறைப்பாடு இருந்ததால் மனுஷன் கொஞ்சம் தடுமாறிப் போனார்.

"உமக்கு இப்ப என்ன செய்யுது எண்டு வடிவாச் சொல்லும்."

கந்தப்பன் சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை.

"சொல்லாட்டில் நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?" என்றார் கனகலிங்கம். மீனம்மா குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல் வராததுதான் நோவு என்பதையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பாரும் பிள்ளை, நான் சில்லறை வேலைக்கு எழுதித் தரலாம். ஆனால் மூளையில பழுது எண்டு எழுதினால், எங்க பழுது எண்டு துரை கேப்பார். மூளையை ஸ்கேன் பண்ணிப் படம் எடுக்க வேணும். படத்தில தெரிஞ்சால் எழுதுவன். தெரியாட்டில் எழுதேலாது. இது விஞ்ஞானம்."

ஸ்கேன் எடுக்க எங்கே போவது? அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். வரிசை குறைந்த நாளில் மிஷின் பழுது. தனியாரிடம் போக அவர்களால் முடியாது. அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து தொழிலாளர் சுகவாழ்வு ஆண்டு வந்து சேர்ந்தது. கம்பனியின் தோட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலாளியின் சுகத்தை மேம்படுத்திக் காட்ட வேண்டும் என்று தலைமை ஆபீஸ் உத்தரவு. ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒரு கிழவருக்குக் காது மிஷின் போட்டுப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. எங்கள் பெரிய துரைக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. காதை மிஞ்ச வேண்டுமென்றால் மூளைக்குத்தான் போகவேண்டும். அப்படித்தான் கந்தப்பனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

வழியனுப்பு விழா பெரட்டுக் களத்தில் நடந்தது. தேங்காய் உடைத்தார்கள். 'தொழிலாளியின் மூளையே கம்பனியின் செல்வம்' என்று பேனர் கட்டினார்கள். தலவாக்கலையிலிருந்து ஸ்டூடியோ அஸ்ஹரை வரவழைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் துரை முழுதாக விழுந்திருந்தார், பேனர் முக்கால்வாசி விழுந்திருந்தது, கந்தப்பனுடைய மாலையும் ஒரு தோளும் ஓரத்தில் தெரிந்தன.

பெரிய துரை தமிழில் பேசினார். சிங்களவரான அவர் தமிழைத் தோட்டத்திலேயே படித்தவர். வேலை வாங்கத்தான் படித்தார் என்பதால் அவருடைய தமிழில் ஏவல் மட்டும்தான் உண்டு.

"எல்லாரும் நில்லு. கேளு. கந்தப்பன் தலைக்கு கம்பனி செலவு பண்ணுது. உன் தலைக்கு இல்ல. உன் தலைக்கு இல்ல. ஒருத்தன் தலைக்கும் இது வரைக்கும் இல்ல. கந்தப்பன், போ. படம் எடு. நல்லா ஆகு. திரும்பி வா. வெட்டு. எல்லாரும் கை தட்டு."

எல்லோரும் தட்டினார்கள். கந்தப்பனும் தட்டினான்.

வேனில் கனகலிங்கம் முன்னால் உட்கார்ந்தார். கந்தப்பனும் மீனம்மாவும் பின்னால். கண்டிக்குப் போகும் வழியில் இறம்பொடை வளைவுகளில் கந்தப்பனின் தலைக்குள் இருந்த சுற்றும் ரோட்டின் சுற்றும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அவன் கழுத்தில் கிடந்த மாலையிலேயே வாந்தி எடுத்தான். "நல்லது, நல்லது, இறங்கினதும் மறக்காமல் டொக்டரிட்டச் சொல்லும்" என்றார் கனகலிங்கம். இறங்கியதும் அவரே மறந்துவிட்டார்.

ஸ்கேன் நிலையத்தில் அவனுடைய அரைஞாண் கயிறு, தாயத்து, வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி மீனம்மா கையில் கொடுத்தார்கள். ஒரு வெள்ளைக் குழாய்க்குள் தலையை விட்டுப் படுக்க வைத்து, அசைய வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார்கள். மிஷின் தொழிற்சாலை ரோலரைப் போலக் கடகடவென்று அடித்தது. கந்தப்பன் அசையாமல் கிடந்தான். காய்ச்சலுக்குப் பிறகு முதல் முறையாக நிலம் சரியாமல் இருந்தது அன்றைக்குத்தான். படுத்திருந்ததால் அப்படி என்பது அவனுக்குத் தோன்றவில்லை. இதுதான் வைத்தியம் என்று நினைத்துவிட்டான். வெளியே வந்ததும் மீனம்மாவிடம் சிரித்தான். இரண்டு எட்டு வைத்தான். நிலம் மறுபடியும் சரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

பெரிய டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். படத்தைப் பார்க்கும்போது அவர் முகத்தில் இருந்த அன்பில் கால்வாசியை ஆளைப் பார்க்கும்போது காட்டியிருந்தால் கந்தப்பனுக்குப் பாதி நோய் குறைந்திருக்கும்.

"அழகான மூளை" என்றார். "ஒண்ணுமே இல்ல."

"அப்ப தல ஏங்க சுத்துது?" என்று கேட்டாள் மீனம்மா.

டொக்டர் கெட்டவர் இல்லை. நாற்காலியைத் திருப்பி அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். "படத்துல இல்லைங்கிறதுக்காக நோயே இல்லைன்னு ஆகாதும்மா. இந்த மாதிரி வைரஸ் காய்ச்சலுக்குப் பொறகு சில பேருக்கு இப்படி வர்றதுண்டு. மூளையோட உருவம் நல்லாத்தான் இருக்கும், அது வேல செய்யுற விதத்துலதான் கோளாறு. அது படத்துக்குப் புடிபடாது. சரிவுல நிக்க விடாதீங்க. கத்தி, மிஷின் ஒண்ணும் தொட வேணாம். மெல்ல மெல்ல சரியாகலாம்."

மீனம்மாவுக்கு அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போல இருந்தது. "அதையே எழுதிக் குடுத்துடுங்கய்யா."

"எத?"

"இப்ப சொன்னீங்களே, அதத்தான்."

"இது படத்துக்கான ரிப்போட்டும்மா. படத்துல இருக்கறதத்தான் எழுதலாம். இல்லாதத எப்படி எழுதுறது?"

"அப்ப இல்லாதத யாருங்க எழுதுவாங்க?"

"அதுக்கு வேற கிளினிக் இருக்கு. அங்க போனா படத்தக் கேப்பாங்க."

"படத்தக் காட்டினா?"

டொக்டர் கொஞ்சம் யோசித்தார். "நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க" என்று ஒத்துக்கொண்டார். பிறகு ரிப்போட்டில் 'நோமல்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

மீனம்மா கனகலிங்கத்தைப் பார்த்தாள். "ஐயா, டொக்டரு சொன்னத நீங்களும் கேட்டீங்கதானே? நீங்க தொரகிட்ட வாயால சொல்லலாமே."

"கேட்டனான்தான்" என்றார் கனகலிங்கம். "ஆனால் காதால கேட்டதை நான் எந்தப் பைலில போடுறது, பிள்ளை?"

மறுநாள் பெரட்டில் படம் வெளியே எடுக்கப்பட்டது. சோலைமலைக் கங்காணி அதைச் சூரியனுக்கு நேரே தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார். ஆட்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். பூக்கோவாவை நறுக்கி வைத்தது போல இருக்கிறது என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். கந்தப்பனும் வரிசையில் நின்று தன் மூளையைப் பார்த்தான். அவனுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவனுக்குப் பயத்தைக் கொடுத்தது.

துரை இரண்டாவது முறையாகப் பேசினார். "படம் பாரு. நல்ல படம். கம்பனி படம். கந்தப்பன், இனிமே தலை சுத்தாதே. விரல் மரக்காதே. சொல் மறக்காதே. பதினோராம் நம்பர் மலைக்குப் போ."

பதினோராம் நம்பர் எங்கள் தோட்டத்திலேயே செங்குத்தான மலை. ஆடுகூட அங்கே யோசித்துத்தான் கால் வைக்கும். மூளை சரி என்று நிரூபணமான ஆளை அனுப்பாமல், நிரூபணம் இல்லாத ஆட்களை அங்கே அனுப்புவது பாதுகாப்பு இல்லையாம். இதைத் துரை கண்டாக்கிடம் சொன்னார், கண்டாக்கு தலையாட்டினார், எல்லோரும் அது நியாயம் என்றே நினைத்தார்கள்.

அட்டனிலிருந்து தொழிற்சங்கக் கணேசமூர்த்தியும் வந்தார். "இது நாங்க போராடி வாங்கிக் குடுத்த படம்" என்று லயத்து வாசலில் நின்று முழங்கினார். அப்படியானால் சில்லறை வேலை என்னவாயிற்று என்று மீனம்மா கேட்டாள். "அத அடுத்த பேச்சுவார்த்தையில வப்போம்மா. ஒரே நாள்ல எல்லா வெற்றியும் வந்தா தொழிலாளிக்கு அருமை தெரியாது" என்று சொல்லிவிட்டு, படத்தைக் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு படம் டிஸ்பென்சரி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டப்பட்டது. அதிலிருந்துதான் புதுத் தலைவலி தொடங்கியது. தொழிற்சாலைச் சின்னத்தம்பி, காதுக்குள் இரைகிறது என்று வந்தான். கனகலிங்கம் அவனை உட்கார வைத்துவிட்டு ஜன்னலில் இருந்த கந்தப்பனின் படத்தை உற்றுப் பார்த்தார். "ஒண்டும் இல்லை. வேலைக்குப் போம்" என்றார்.

"ஐயா, அது கந்தப்பன் மூளைங்க."

"தெரியும். இந்தத் தோட்டத்துக்கு எடுத்த படம் இது ஒண்டுதான். நீரும் இந்தத் தோட்டம்தானே? ஒரே தண்ணி, ஒரே சாப்பாடு, ஒரே லயம். மூளை மட்டும் வேறையாய் இருக்குமோ?"

கொழுந்து எடுக்கும் பெண்கள் தலையிடி என்று போனாலும் அதே படம்தான். அரை நாள் ஓய்வு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் அதுவும் போயிற்று. அந்தக் கோபம் துரை மேலேயோ கனகலிங்கத்தின் மேலேயோ போகவில்லை. பக்கத்தில் இருக்கிறவன் மேல்தான் போயிற்று. "ஒம் மூளையால எங்களுக்கு ஒரு குளிசைகூடக் கெடைக்குதில்ல" என்று சின்னத்தம்பி தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்து அவனைத் திட்டினான். கந்தப்பனுக்குப் பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. பதில் வந்தபோது பீலியில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

அந்த வாரம் பதினோராம் நம்பரில் கத்தி தவறியது. ரப்பர் சப்பாத்தின் முனையை வெட்டிக்கொண்டு போய் மண்ணில் குத்தி நின்றது. விரல் தப்பியது அவன் குலதெய்வத்தின் புண்ணியம். "கவனமில்லாம வேல செய்யிற" என்று கங்காணி ஏசினார். "மூள நல்லா இருக்குறவனுக்குக் கத்தி தவறுமாடா? இது கொழுப்பு."

அதைவிடக் கொடுமை, கந்தப்பன் அதை நம்பத் தொடங்கியது. சாயந்தரம் அடுப்படியில் உட்கார்ந்து மீனம்மாவிடம் சொன்னான். "நாந்தான் சரியில்ல போல, புள்ள. படத்துல ஒண்ணுமில்லன்னு அத்தன பேரும் பாத்தாங்க. எனக்குத்தான் சும்மா சுத்துது போல."

மீனம்மா அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்தாள். "சும்மா சுத்துமாய்யா ஒருத்தனுக்கு? அந்தப் படத்தக் கொண்டுபோய்ப் பதினோராம் நம்பர்ல நிறுத்தி, வெட்டச் சொல்லு பாப்போம்" என்று கத்தினாள். லயம் முழுக்கக் கேட்டது. பிறகு கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்கினாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அப்பனுக்கு முடியாவிட்டால் மகன் அவன் பேருக்கு நிற்கலாம். அண்ணனுக்கு முடியாவிட்டால் தம்பி நிற்கலாம். பெரட்டில் பேருக்கு ஒரு ஆள், மலையில் நிரைக்கு ஒரு கத்தி. அவ்வளவுதான் கணக்கு. கந்தப்பனுக்குத் தம்பி இல்லை. பிள்ளைகள் இரண்டும் பெண்கள். இரண்டும் கொழும்பில் தையல் ஆலையில் இருந்தன. பேருக்கு நிற்க யாரும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

விடிந்ததும் பெரட்டில் கவ்வாத்து ஆட்களின் பேரைக் கங்காணி வாசித்தார். "கந்தப்பன்!"

"இருக்கேங்க" என்றாள் மீனம்மா. ஆண்கள் வரிசையில் நின்றாள். இடுப்பில் படங்குச் சாக்கு, காலில் வெட்டுப்பட்ட சப்பாத்து, கையில் கத்தி.

கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா இது? கவ்வாத்து ஆம்பள வேல. நீ கொழுந்துக்குப் போ."

"எம் பேர வெட்டிடுங்க. அவரு பேருக்கு நா நிக்கிறேன். மகன் நின்னா விடுவீங்க, தம்பி நின்னா விடுவீங்க. பொஞ்சாதி நின்னா மட்டும் செடி வெட்டுப்படாதா?"

விஷயம் துரைவரைக்கும் போனது. துரை கனகலிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். கந்தப்பனுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால் கம்பனி எடுத்த படம் பொய்யாகும்; சரி என்று எழுதினால் அவன் ஏன் வீட்டில் இருக்கிறான் என்ற கேள்வி வரும். ஒன்றுமே எழுதாமல் விட்டால் எல்லாம் சரி என்றார் கனகலிங்கம். துரைக்கு அது பிடித்துப்போனது. "பேர் இருக்கா? இருக்கு. ஆள் இருக்கா? இருக்கு. கத்தி இருக்கா? இருக்கு. வெட்டு" என்றார்.

மீனம்மா வெட்டினாள். முதல் வாரம் கை கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, கத்திப் பிடியில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து நிரைக்காரர்கள் கங்காணி பார்க்காத நேரத்தில் அவள் நிரையில் நாலு செடி வெட்டிக் கொடுத்தார்கள். பிறகு அவளுக்கே வீச்சுப் பிடிபட்டது. மாதக் கடைசியில் பதினோராம் நம்பரில் கந்தப்பனுடைய நிரை மற்றவர்களுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. ஆபீசிலிருந்து கொழும்புக்குச் செய்தி போனது: ஊசிக்கல் தோட்டத்தில் மூளைப் படம் எடுக்கப்பட்ட தொழிலாளி பூரண சுகமடைந்து முன்னைவிடச் சிறப்பாக வேலை செய்கிறார்.

கொழும்பு பூரித்துப்போனது. சுகவாழ்வுத் திட்டப் பணிப்பாளர் யசோதினி அம்மையாரே நேரில் வருவதாகத் தகவல் வந்தது.

அவர் வந்த அன்றைக்கு மேகம் இறங்கித் தூறிக்கொண்டிருந்தது. ஆண்கள் எல்லோரும் மலையில். அம்மையாருக்குக் குடை பிடிக்க ஆள் இல்லாமல் கங்காணி லயத்துக்கு ஓடி, வாசலில் உட்கார்ந்திருந்த கந்தப்பனை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். "ரெண்டு கையாலயும் புடி. வாயத் தொறக்காத" என்றார். துரை அவனைப் பார்த்துவிட்டு அம்மையார் பக்கம் திரும்பிக்கொண்டார். துரைக்கு அவனுடைய மூளை நன்றாகத் தெரியும். முகம்தான் அவ்வளவு பழக்கமில்லை. கனகலிங்கத்துக்கு இரண்டும் தெரியும். அவர் மழை விடுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினோராம் நம்பருக்குக் கீழே, ரோட்டு வளைவில் ஜீப்பை நிறுத்தினார்கள். துரை மேலே கை நீட்டினார். "பாரு மேடம். மூணாவது நிரை. கந்தப்பன்."

தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு ஒரு உருவம் குனிந்து நின்றது. கத்தி ஏறியது, இறங்கியது. அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியே விட்டது.

"அற்புதம்" என்றார். "இதைத்தான் நான் கொழும்பில சொல்லிக்கொண்டிருக்கிறன். ஒரு மாத்திரை இல்லை, ஒரு நாள் லீவு இல்லை, வேற வேலை மாத்திக் குடுக்கேல்லை. ஒரே ஒரு படம். அவ்வளவுதான். எங்கட திட்டத்தில வருத்தக்காரர், நோயாளி எண்டு ஒருதரும் இல்லை. இருந்தால் திட்டம் தோத்துப் போச்சு எண்டு சொல்லுவினம், அடுத்த வருசம் நிப்பாட்டிப்போடுவினம். அதால நாங்கள் ஆரம்பத்திலேயே வருத்தம் இல்லாத ஆக்களாய்ப் பாத்துத்தான் எடுக்கிறனாங்கள்."

துரை கை தட்டினார். கங்காணி தட்டினார். கனகலிங்கம் ஒரு தடவை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். கந்தப்பனுக்குக் கை இரண்டும் குடையில் இருந்தன. மரத்த விரல்கள் பிடித்திருக்கின்றனவா என்று அடிக்கடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டான். நிலம் மெல்ல இடது பக்கம் சரிந்தது. குடையும் கூடவே சரிந்து, அம்மையாரின் தோளில் தண்ணீர் ஊற்றியது.

அம்மையார் திரும்பிப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை; நல்ல மனசு. "தம்பி, உங்களுக்கு என்ன, காய்ச்சலோ?"

கந்தப்பன் வாயைத் திறந்தான்.

"சரி, சரி. அங்க பாருங்கோ" என்று மலையைக் காட்டினார். "அவருக்கும் உங்களைப் போலத்தான் காய்ச்சல் வந்தது. மூளை வரைக்கும் போன காய்ச்சல். அவர் மூலையில குந்திக்கொண்டு இருந்தாரோ? எழும்பினார், கத்தியை எடுத்தார், இண்டைக்கு எப்பிடி வேலை செய்யிறார். நீங்கள் இஞ்ச குடை பிடிச்சுக்கொண்டு ஆடிக்கொண்டு நிக்கிறியள். அந்தக் கந்தப்பனைப் பாத்துப் பழகுங்கோ தம்பி."

கந்தப்பன் மேலே பார்த்தான். மீனம்மா அடுத்த செடிக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். ஒரு காலை ஊன்றி, மறுகாலால் நிலத்தைத் தடவிப் பார்த்து, பிறகுதான் அடி வைத்தாள். அவளுக்கும் அந்தச் சரிவு பயம் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சொல்ல வேண்டியது என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அது தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் எங்கேயோ நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. வாயைத் திறந்தபடி அம்மையாரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ம்? சொல்லுங்கோ" என்று அவரும் கொஞ்சம் காத்துப் பார்த்தார். பிறகு நேரத்தைப் பார்த்தார். பங்களாவில் சாப்பாடு ஆறுகிறது என்றார் துரை. ஜீப் கதவு அடைபட்டது. கனகலிங்கமும் பின்னால் ஏறிக்கொண்டார். ஜீப் தேயிலைத் தொழிற்சாலைப் பக்கமாகத் திரும்பி மறைந்தது.

"அது எம் பொஞ்சாதிங்க" என்றான் கந்தப்பன்.

ரோட்டில் சோலைமலைக் கங்காணி மட்டும்தான் இருந்தார். "தெரியும்டா" என்றார். "தோட்டத்துக்கே தெரியும். கொடைய மடக்கு."